துணிக்கடைப் புனிதை

முகம் இல்லாத எதையும் எங்கள் ஊர்க் கமிட்டிகள் நம்புவதில்லை. பஸ் ஸ்டாப் திறந்தால் வார்டு உறுப்பினரின் முகம் வேண்டும். யாராவது இறந்தால் மின்கம்பத்தில் முகம். மிட்டாய்க் கடைப் பலகையில்கூடக் கடைக்காரருடைய பேத்தியின் முகம், கையில் ஒரு லட்டுடன். இப்படிப்பட்ட மட்டாஞ்சேரியில், ஒரு புனிதைக்கு முகமே வைக்காமல் சிற்பம் செய்து தெருவோரம் நிறுத்துகிறேன் என்று கிளம்பினேன். கலைக் கல்லூரியை முடித்து வந்த புதிது. ஊரைத் திருத்தும் வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாக எனக்கு ஓர் எண்ணம். இன்றும் அந்த எண்ணம் முழுக்கப் போய்விடவில்லை, ஊரும் திருந்திவிடவில்லை.

நானாகப் போய்க் கேட்கவில்லை, அவர்கள்தான் கூப்பிட்டார்கள். இஞ்சிக் கிடங்குகளுக்கு நடுவே நிற்கிற பழைய தேவாலயம் அது. இங்கே எல்லோரும் பள்ளி என்பார்கள். பறங்கிக்காரர்கள் கட்டிய சுவர் என்று பெருமை பேசுவார்கள், பேசிக்கொண்டே அந்தச் சுவரில் ஏ.சி. பெட்டிக்கு ஓட்டை போடுவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கிடங்குகளில் ஒரு கலைக் கண்காட்சி நடக்கும். வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், பள்ளி வாசலைத் தாண்டிப் போவார்கள், உள்ளே மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. கமிட்டிக்கு அது பொறுக்கவில்லை. நம்ம முற்றத்திலும் ஏதாவது மாடர்னா ஒண்ணு வேணும் என்று தீர்மானம் போட்டார்கள். நான் அந்தக் கண்காட்சியில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை பார்த்தவள். பக்கத்துத் தெருப் பெண். அப்பா கார்ப்பரேஷனில் தெருவிளக்குப் பிரிவு. வேறென்ன தகுதி வேண்டும்?

எங்கள் வீட்டில் இருப்பது முருகன் படம். ஆனாலும் அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தப் பள்ளியில் மெழுகுவத்தி ஏற்றுவாள். கேட்டால், முருகனுக்கும் செவ்வாய்தானே, போகிற வழியில் ரெண்டும் முடிஞ்சுடும் என்பாள். பக்தி விஷயத்தில் அம்மா ஒரு மொத்த வியாபாரி. கமிட்டிக்காரர்கள் என்னிடம் பேசியது மலையாளத்தில். எனக்கு எல்லாமே எங்கள் வீட்டுத் தமிழில்தான் நினைவில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பள்ளியின் புனிதை, தன் இரண்டு கண்களையும் ஒரு தட்டில் வைத்து ஏந்தி நிற்பவள். விசுவாசத்துக்காக அவள் கண்ணைப் பறித்தார்கள் என்று சிலர் சொல்வார்கள், அவளே பிடுங்கிக் கொடுத்தாள் என்று சிலர். கண்ணில் கோளாறு உள்ளவர்கள் இடக்கொச்சியிலிருந்தும் கும்பளங்கியிலிருந்தும் வந்து, கண் வடிவில் வெட்டிய சின்னத் தகரத் துண்டை அவள் காலடியில் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே இருக்கும் பழைய சொரூபத்துக்கு ரோஸ் பவுடர் போட்ட கன்னம். தட்டில் இரண்டு கண், முகத்திலும் இரண்டு கண். கொடுத்த கண் எப்படித் திரும்ப முகத்தில் வந்தது என்று இத்தனை தலைமுறையில் ஓர் ஆள் கேட்டதில்லை.

நான் கேட்டேன். அதிலிருந்துதான் என் சிற்பம் வந்தது. கொடுத்துவிட்ட கண் இனி அவளுடையதல்ல, அப்படியானால் யாருடையது? பார்க்கிறவருடையது. அந்தத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆள் உயரத்துக்கும் மேலே, துருப்பிடிக்காத எஃகில், முட்டை வடிவத்தில் ஒரு பெரிய தட்டு, நிமிர்ந்து நிற்கும். அதில் ஒரு சாதாரணப் பெண்ணின் கண் மட்டத்தில் இரண்டு துளைகள். தட்டின் முன்பக்கம் தெருவைப் பார்க்கும். நீங்கள் பள்ளி முற்றத்துப் பக்கமாக அதன் பின்னால் போய் நின்று, துளைகளில் கண்ணை வைத்துத் தெருவைப் பார்க்க வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கு அந்த எஃகுத் தட்டில் உயிருள்ள இரண்டு கண்கள் தெரியும். அந்த நேரத்துக்கு நீங்கள்தான் புனிதை. அவ்வளவுதான் சிற்பம். யோசனை வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேதபாடக் குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் கமிட்டி உட்கார்ந்திருந்தது, எல்லோருடைய முழங்காலும் தாடைக்கு அருகில். நான் படம் வரைந்து காட்டி, மாதிரி வைத்து, தொண்டை வறளப் பேசினேன். முதலில் வாயைத் திறந்தவர் கைக்காரர். பள்ளியின் சாவியையும் நிர்வாகத்தையும் கையில் வைத்திருப்பவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய ஷோரூம் ஒன்றும் அவருக்கு உண்டு.

"எல்லாம் சரி மோளே. இதுல புண்ணியவதி எங்கே?"

"நீங்கதான் சேட்டா. பின்னாடி வந்து நின்னு யாரு பாக்கறாங்களோ, அவங்கதான்."

"நானா?" மீசையைத் தடவிக்கொண்டார். "எனக்கு மீசை உண்டே."

குட்டி பெஞ்சுகள் ஆடும்படி எல்லோரும் சிரித்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவர், "சேட்டன் கடைச் சாமான்தான் இது. கிச்சன் சிங்க்கு. தண்ணி போக ரெண்டு ஓட்டை, ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு" என்றார். கைக்காரருக்கு அது தொழில்மீது வைத்த குற்றமாகப் பட்டிருக்க வேண்டும். "சிங்க்குக்கு ஒரு ஓட்டைதான்டா" என்று திருத்தினார்.

என்னைக் காப்பாற்றியவர் விகாரி அச்சன், அதாவது பங்குத்தந்தை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளைஞர், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் வரம் பெற்றவர். கான்செப்ட் ஆழமா இருக்கு என்றார். ஆழம் என்ற சொல்லைக் கேட்டதும் மற்றவர்கள் அடங்கினார்கள். ஒரே நிபந்தனை: செய்து நிறுத்திய பிறகு கமிட்டி பார்த்து ஒப்புதல் தரும், அதுவரை அடியில் நட்டும் போல்ட்டும்தான், அதற்குப் பிறகே வெல்டிங். ஒப்புதல் வரும்வரை தட்டு என்னுடையது. இதெல்லாம் ஒரு சடங்கு என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். என் முதல் பொதுச் சிற்பம், என் சொந்தத் தெருவில், நான் நினைத்த மாதிரியே நிற்கப்போகிறது. அந்த மாதம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் தட்டை வளைத்தோம். துளைகளின் உயரத்துக்காகக் கைக்காரரோடு ஒரு யுத்தமே நடந்தது. புண்ணியவதி மனிதர்களைவிட உயரத்தில் இருக்க வேண்டாமா என்று அவர் கேட்டார். உயரத்தில் வைத்தால் ஸ்டூல் போட்டுத்தான் பார்க்க வேண்டும், ஸ்டூலில் ஏறி நிற்கிற புனிதையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று நான் கேட்டேன். அந்த ஒரு சண்டையில் ஜெயித்தேன்.

தட்டை நிறுத்தியாயிற்று. வெயிலில் பளபளவென்று நின்றது. கமிட்டியில் ஒருத்தராவது பின்னால் போய்ப் பார்ப்பார்களா? மாட்டார்கள். முன்னால் நின்று, தங்கள் உருவம் வளைந்து தெரிவதைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள்.

"பின்னாடி வாங்க சேட்டா. ஒரே ஒரு நிமிஷம்."

"எனக்கு ஓட்டையில எட்டிப் பாக்கற பழக்கம் இல்ல" என்றார் கைக்காரர். "தெருவுல போற வர்ற பொண்ணுங்களை நான் பள்ளி முற்றத்துல நின்னு ஓட்டை வழியாப் பாத்தேன்னு நாளைக்குச் சொல்லுவாங்க. உனக்கென்ன, நீ ஆர்ட்டிஸ்ட்டு."

சிற்பத்தின் முழு அர்த்தமும் பின்னால் இருக்கிறது, பின்னால் போவதற்கு ஆள் இல்லை. கமிட்டி ஒப்புதலுக்காகப் பார்வையிடும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கட்டிட மாதிரிகளில் அளவு தெரிவதற்காகச் சின்ன மனித உருவங்களை வைப்பார்கள் அல்லவா, அதுபோலத் தட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்தில் ஒரு பொம்மையை நிறுத்திவிட்டால் என்ன? முன்னால் நிற்கிறவர்களுக்குத் துளைகளில் கண் தெரியும். இந்த மண்டைகளுக்கும் விஷயம் புரிந்துவிடும்.

அம்மா வழக்கமாக நைட்டி வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்துக்காரர், சின்ன வயதிலிருந்து நான் மாமா என்று கூப்பிடுகிறவர்.

"மாமா, வாசல்ல நிக்குதே பொம்மை, ரெண்டு நாளைக்குக் குடுப்பீங்களா?"

"எந்தப் பொம்மை? மெரூன் நைட்டியா? அது போனா எனக்கு வியாபாரம் யார் பாக்கறது?"

"ரெண்டே நாள்."

"நைட்டியைக் கழட்டி வச்சுட்டுக் கொண்டுபோ. மூக்கு பத்திரம், ஏற்கெனவே ஒருக்கா ஒட்டினது."

ஒரு கை இடுப்பில், மறு கை உள்ளங்கை விரித்துப் பக்கவாட்டில், வாங்க உள்ள புதுசா வந்திருக்கு என்று அழைப்பதுபோல நிற்கும் பொம்மை. உதட்டில் செம்பருத்திச் சிவப்பு. அதை வெறும் உடம்போடு பள்ளி முற்றத்தில் நிறுத்த முடியாதே என்று வீட்டிலிருந்த ஒரு நீலப் போர்வையைத் தலையோடு சுற்றிவிட்டேன். கைக்கு அகப்பட்டது நீலம், மாதா படங்களில் வருகிற அதே நீலம். நான் படித்த கலை வரலாறு முழுவதும் அந்த நேரத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. நீலத் துணி, வெள்ளை முகம், விரித்த கை. இந்த மூன்றையும் ஒரு பள்ளி முற்றத்தில் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

பார்வையிட வேண்டிய மாலையில்தான் நவநாளின், அதாவது ஒன்பது நாள் ஜெபத்தின், கடைசிப் பிரார்த்தனையும் இருந்தது. கமிட்டி அதை முடித்துவிட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டது. ஜனம் பாட்டுப் பாடிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தது, முன்னால் விகாரி அச்சன் இரண்டு பக்கமும் புனித நீர் தெளித்தபடி வந்தார். இதை இங்கே வெஞ்சரிப்பு என்பார்கள்; தண்ணீர் பட்டால் மனிதரானாலும் பொருளானாலும் ஆசீர்வதிக்கப்பட்டாயிற்று என்று கணக்கு. நான் தட்டின் ஓரம் ஒதுங்கி நின்றேன். என் தோளில் இரண்டு துளி விழுந்தது. பொம்மையின் மேல் ஒரு முழு வீச்சு விழுந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரோ ஒரு பெண்மணி ஊர்வலத்தை விட்டு விலகி வந்து, விரித்திருந்த அந்த உள்ளங்கையில் ஒரு தகரக் கண்ணை வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்தவர் அதைப் பார்த்து வைத்தார். அதற்கடுத்தவருக்குக் காரணமே தேவைப்படவில்லை. நான் ஓடிப்போய், "இது பொம்மை! கடைப் பொம்மை!" என்று கத்தினேன். "பொம்மைதான் மோளே. உள்ளே இருக்கறது மட்டும் என்ன, ஆளா?" என்றார் ஒருவர், மிகுந்த பொறுமையுடன்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது, கூட்டம் கலைந்த பிறகு பொம்மையின் காலடியில் குந்தி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு முதுகு. என் அம்மாவின் முதுகு.

"அம்மா, இது நைட்டிக் கடைப் பொம்மை. நீதான் அதைப் பாத்து மெரூன் கலர் வாங்கினே."

"தெரியும்டி" என்றாள் திரும்பாமல். "நல்ல முகராசி. அந்த நைட்டி நாலு வருஷம் சாயம் போகலையே."

மறுநாள் மறுபடியும் குட்டி பெஞ்சுகள். பொம்மையைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தட்டைத் தனியாகப் பார்த்து ஒப்புதல் தாருங்கள் என்று கேட்டேன். எல்லோரும் விகாரி அச்சனைப் பார்த்தார்கள். அவர் முதல்முறையாகத் தலையாட்டவில்லை.

"வெஞ்சரிச்ச பொருளைக் கடைக்குத் திருப்பக் கூடாது. சாதாரண உபயோகத்துக்கு விடக் கூடாது. அது சபையோட சட்டம்."

"ஃபாதர், நீங்க ஜனங்க மேலதானே தெளிச்சீங்க?"

"தெளிச்சது ஜனங்க மேலதான்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பட்டது எங்கேன்னு நான் எப்படிச் சொல்றது?"

"என் மேலயும்தான் பட்டுச்சு. என்னையும் இங்கேயே நிறுத்திக்கறீங்களா?"

அவர்களுக்கு வேண்டிய முகம் கிடைத்துவிட்டது. இனி யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம், யாரும் பின்னால் போய்க் குனிய வேண்டாம். கைக்காரர் எழுந்து மிகவும் பெருந்தன்மையாக, "உன் தட்டும் நிக்கட்டும் மோளே, கடல்காத்துக்கு ஒரு மறைப்பாச்சு" என்றார். என் சிற்பத்தைப் பற்றி இதுவரை வந்த ஒரே விமர்சனம் அது.

என்னிடம் மிச்சமிருந்தது கடைக்கார மாமா. பொருள் அவருடையது. சொந்தக்காரர் வந்து கேட்டால் எந்தச் சட்டமும் தடுக்க முடியாது என்று கணக்குப் போட்டு அவரைக் கையோடு கூட்டிப் போனேன். வழி முழுக்க வீறாப்பாகத்தான் வந்தார். "என் பொம்மையை என்னைக் கேக்காம எப்படிப் புண்ணியவதி ஆக்கலாம்? நான் தொழுகைக்குப் போறவன். நாளைக்கு எங்காளுக என்ன சொல்லுவாங்க?" முற்றத்துக்குள் நுழைந்ததும் குரல் இறங்கியது. அதற்குள் பொம்மைக்குச் சிவப்பு வெல்வெட் அங்கி போட்டு, இடுப்பில் இருந்த கையை அங்கிக்குள் மறைத்திருந்தார்கள். தலையில் ஜிகினாக் கிரீடம். மேலே பள்ளித் திருவிழா ஊர்வலத்தில் பிடிக்கும் முத்துக்குடை. உள்ளங்கையில் தகரக் கண்கள் குவிந்து வழிந்தன.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தலையைச் சாய்த்து நீண்ட நேரம் பார்த்தார்.

"மூக்கு பத்திரமா இருக்கு" என்றார் கடைசியில்.

"தூக்குங்க மாமா. நான் கால் பக்கம் பிடிக்கறேன்."

"இனி இதுக்கு நைட்டி மாட்டறதுக்கு எனக்குக் கை வருமா மோளே? நீயே சொல்லு."

திரும்பி நடந்தார். அடுத்த வாரம் அவர் கடையில் புதுப் பொம்மை நின்றது, கூட்டமும் நின்றது. பள்ளிப் புண்ணியவதி முன்பு எங்கே நின்றாள் என்று கேட்டு வருகிறவர்களுக்கு வாசலைக் காட்டி, அப்படியே உள்ளே புதுசா வந்திருப்பதையும் காட்டுகிறார் என்று அம்மா வந்து சொன்னாள். அம்மா கையில் அந்தக் கடையின் பை இருந்தது. என்ன வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் பார்த்துச் சகிக்க முடியாமல் போனது. ஜனம் தெருப் பக்கம் வரிசையில் நிற்க ஆரம்பித்தது. என் தட்டின் முன்பக்கம் வந்து, என் துளைகளில் கண்ணை வைத்து, உள்ளே எட்டிப் பார்த்தார்கள். துளைக்கு அந்தப்புறம் அந்தச் சாயக் கண்கள், இமைக்காமல். நான் பாடுபட்டு அளந்த உயரம் எல்லோருக்கும் கச்சிதமாக இருந்தது. ஒருவரும் எக்கவில்லை, குனியவில்லை. எல்லாம் சரியாக வேலை செய்தது, திசை மட்டும் தலைகீழ். எந்தப் புனிதையைப் பார்ப்பவருக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தேனோ, அவளை மறுபடி பெட்டிக்குள் போட்டுச் சாவித்துவாரம் வழியாகப் பார்த்தார்கள். தட்டின் விளிம்பைச் சுற்றி வண்ண பல்பு மாலை வேறு, ஐஸ்கிரீம் கடைபோல. வெளிநாட்டுக்காரர்கள் நின்று படம் எடுத்தார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, எவ்வளவு அசலான நாட்டார் பக்தி என்று கண் கலங்கினாள். அவளுக்கு வழிகாட்டியாக வந்தவன் இது நூற்றாண்டுகளாக நடக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்களாவது பொம்மையைப் பொம்மை என்று ஒத்துக்கொண்டார்கள்.

கமிட்டிக்குக் கடைசியாகச் சொல்லிவிட்டேன்: ஒன்று பொம்மை போக வேண்டும், இல்லையென்றால் தட்டு போகும். கைக்காரர் ஷோரூமில் குழாய் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "தட்டைக் கொண்டுபோய்க்கோ. மறைப்புக்கு நான் ஒரு ஃபைபர் ஷீட் போட்டுக்கறேன். நம்ம கடையிலேயே இருக்கு."

அடுத்த நாள் மதியம் சாமான் ஏற்றும் பெட்டி ஆட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு போனேன். மதிய உணவுக்குப் பிறகு பள்ளி மூடியிருக்கும், முற்றத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஆட்டோக்காரரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, தட்டின் பின்னால் உட்கார்ந்து நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். ஓரத்து நட்டுகள் சுலபமாகத் தளர்ந்தன. நடுவில் இருப்பதை எட்ட வெல்வெட் அங்கி மறித்தது. பொம்மையை அணைத்துத் தூக்கி ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தேன். கனமே இல்லை. இந்த இடத்தை அது பிடித்துக்கொண்ட நாளிலிருந்து நானே என் துளைகளில் பார்த்ததில்லை. கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எழுந்து கண்ணை வைத்தேன்.

தெரு தெளிவாகக் கண்ணில் விழுந்தது. எதிர்க் கிடங்கின் கதவு, வெயிலில் காயப்போட்ட சாக்குகள், சாயாக் கடையின் நீலத் தார்ப்பாய். தட்டின் வளைவு சுற்றிலும் இருப்பதை மறைத்துவிடுவதால் அந்தக் கொஞ்சம் மட்டும் கூர்மையாகத் தெரிந்தது. நான் நினைத்தபடியேதான். சரியாகத்தான் செய்திருக்கிறேன், முட்டாள்களே என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது, துளைகள் இருண்டன. அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் முகம் வந்து நின்றுவிட்டது.

விலகத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். இறால் வாடை அடித்தது, இங்கே செம்மீன் என்பார்கள். தோப்பும்படியில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"வந்துட்டேன். போன தடவை வந்து சொன்னதை நீ காதுல போட்டுக்கலை, அதான் மறுபடி வந்தேன். செம்மீன் முதுகுல கறுப்பு நரம்பு இருக்குல்ல, அது எனக்குத் தெரிய மாட்டேங்குது. தடவிப் பாத்துத்தான் எடுக்கறேன். அந்த சூப்பர்வைசர் பொண்ணு இன்னும் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிச்சா நாளைக்கே போகச் சொல்லிடுவா. என் மோன் ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோறேன் கொண்டுபோறேன்னு சொல்றான், அவனுக்குக் கடல்ல போகவே நேரம் சரியாயிருக்கு. அவன் பொண்டாட்டி இருக்காளே..."

எனக்குக் கண் எரிந்தது. இமைத்துவிட்டேன்.

பேச்சு நின்றது. இதோ அலறப்போகிறார், ஊர் கூடப்போகிறது, கைக்காரர் அற்புதம் என்று பலகை எழுதி மாட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏய், சிமிட்டாதே" என்றார் அவர், அதட்டலாக. "நான் சொல்லி முடிக்கலை."

நான் சிமிட்டவில்லை. மருமகளைப் பற்றிச் சொன்னார். டிவி சத்தத்தைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பதென்று தெரியாமல் திரும்பி வந்ததைச் சொன்னார். ஒரு துணிக்கடைப் பொம்மையிடம் இவ்வளவு விவரமாகப் பேச இந்த ஊரால்தான் முடியும். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று நின்றேன். ஒரு சாண் தூரத்தில் அந்தக் கண்கள், பாலாடை படிந்ததுபோல மங்கலாக, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தன. தட்டு நடுவில் இருந்தது.

"கேட்டுச்சா?" என்றார் கடைசியில்.

தலையாட்டினால் அந்தப் பக்கம் தெரியாது. ஒரு தடவை, மெதுவாக, இமைத்தேன்.

"ஆ. அது போதும்." துளை வழியாக ஒரு தகரக் கண்ணை உள்ளே தள்ளினார். அது என் கழுத்தில் பட்டுச் சட்டைக்குள் விழுந்தது. செருப்புச் சத்தம் தெருவோடு போய்விட்டது.

பிறகு ஸ்பானரை எடுத்து, தளர்த்திய நட்டுகளைத் திரும்ப முறுக்கினேன். அப்படியே விட்டால் காற்றில் சரிந்து யார் தலையிலாவது விழும். வேறு ஒரு காரணமும் இல்லை. பொம்மையையும் திரும்பத் தூக்கி வைத்தேன். பழைய இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி, தட்டுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நிற்கும் அளவுக்குப் பின்னால். கைக்காரர் கேட்டால் அளவு பிசகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் அளந்து பார்க்கமாட்டார், சிங்க்கைத் தவிர அவர் எதையும் அளந்ததில்லை.

ஆட்டோக்காரர் பொறுமை இழந்து, வண்டியை விட்டு இறங்கித் தட்டின் முன்பக்கம் வந்து நின்றார்.

"ஏத்தலையா?"

"இல்ல சேட்டா."

"பின்னே எதுக்கு என்னைக் கூப்பிட்டே?" தட்டை மேலும் கீழும் பார்த்தார். "இது என்னத்துக்கு ரெண்டு ஓட்டை? இதை எங்கே நின்னு பாக்கறது?"

"பின்னாடி. போய்ப் பாருங்க, இடம் இருக்கு."

அவர் போகவில்லை. எஃகில் வளைந்து தெரிந்த தன் மூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வண்டியைத் திருப்பப் போனார்.